லாட் நாற்பத்தொன்று

கித்தான்மேல் எண்ணெய். இருபதுக்கு முப்பது அங்குலம்.
ஓடை ஒன்று, எல்ம் மரங்கள் மூன்று,
கோபுரம் மட்டும் தெரியும் தேவாலயம்,
தண்ணீரில் கால் வைத்து நிற்கும் இரண்டு மாடுகள்.
வலது மூலையில் வரைந்தவர் பெயர்
எச் ஆகவும் இருக்கலாம், கே ஆகவும் இருக்கலாம்.
இதுவரை தட்டச்சு செய்துவிட்டேன்.
இனி உடைமை வரலாறு.

ரெசிடென்சி ரோட்டில் எங்கள் ஏலக்கடை,
முதல் மாடி. கீழே செருப்புக் கடை.
பெல்லியப்பா சார் சொல்வார்:
படத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம்,
யார் கையிலிருந்து யார் கைக்கு என்பதுதான் விலை.

ஆகவே கை கையாகப் போகிறேன்.
கர்னல் ஒருவரின் மனைவி
சவுத்தாம்ப்டனில் ஏற்றி மெட்ராசில் இறக்கியது.
கப்பல் கம்பெனிச் சீட்டு சாட்சி,
கரப்பான் தின்றது போக மீதி.
நாற்பத்தேழு, கண்டோன்மெண்டில் வீட்டுச் சாமான் ஏலம்.
பியானோவையும் இரண்டு மாடுகளையும் சேர்த்து
எஞ்சின் டிரைவர் ஆல்வின் டிக்ரூஸ் எடுத்தார்.
அவர் மகள் பெர்த்துக்குக் கப்பலேறும்போது
அவென்யூ ரோட்டில் அடகு. மீட்க வரவில்லை.
பிறகு பிரிகேட் ரோட்டில் ஒரு பார்,
ரம் அலமாரிக்கு மேலே இருபத்தாறு வருடம்.
அந்தப் புகையில்தான் வானம் பழுத்தது.
காப்பீட்டுத் தாளில் ‘மாலைக் காட்சி’ என்றே போட்டார்கள்.
போன மாதம் பஞ்சு தொட்டுத் துடைத்தபோது தெரிந்தது,
அது நடுப்பகல்.
இருபத்தாறு வருடக் குடிகாரர்கள்
மத்தியானத்தைப் பார்த்து
நேரமாயிற்று என்று எழுந்து போயிருக்கிறார்கள்.

இப்போது சர்ஜாபூர் ரோட்டு மென்பொருள்காரர்.
புது வீட்டில் எல்லாம் கண்ணாடியாம்,
ஆணி அடிக்கச் சுவர் இல்லையாம்.

இத்தனை பேரும் முன்பக்கத்துக்காரர்கள்.

திருப்பினேன்.
பழைய கேட்டலாக்கில் ஒரே வரி:
பின்புறம், புரியாத கிறுக்கல்கள்.
இந்த ஆபீசில் எனக்கு மட்டும் புரிந்தது,
மர்ஃபி டவுன் பள்ளிக்கூடத்துக்கு நன்றி.
தச்சன் பென்சிலில், ஈரம் தொட்டு எழுதியது.
‘அஞ்சலை பால். காலை அரைப்படி, சாயங்காலம் உழக்கு.’
கீழே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு, முப்பத்தொன்று.
பதினெட்டாம் கோட்டருகே ‘மழை. வரலை.’
இருபத்திரண்டில் ‘தண்ணி கலந்துட்டா. கேட்டேன்.’
கடைசியில் ‘பாக்கி ஏழணா.’

கித்தானின் முதுகில் அழுத்தினால் முன்னால் புடைக்கும்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன்.
அந்த நடுப்பகல் வெயிலில்
இடப்பக்கத்து மாட்டின் விலாவில்
மெலிதாய் எழும்பி நிற்கிறது ‘மழை’.

அணா என்பதால் ஐம்பத்தேழுக்கு முன்.
அதற்குமேல் ஆண்டு இல்லை.
ஒரு மாதம் முழுக்க ஏதோ ஒரு வீட்டில்
படம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்கிறது.
துரைசானிக்கு அந்த ஓடையைப் பார்க்க முடியாமல் போனதா?
வெள்ளையடிக்க இறக்கி
டிக்ரூஸ் வீட்டுச் சமையற்கட்டில் சாய்த்து மறந்தார்களா?
எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை.
பால்காரி பெயர் மட்டும் இருக்கிறது.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பெயர், ஆண்டு, பெற்ற விதம்.
அஞ்சலைக்கு ஒன்றுதான் நிரம்பும்.
அவள் எதையும் பெறவில்லை,
கொடுத்ததோடு சரி.

சார் எட்டிப் பார்த்தார்.
“அட்டை ஒட்டி மூடிடு, நீட்டா இருக்கும்.”
ஒட்டினேன். சாம்பல் நிறம், அமிலம் இல்லாதது,
நூறு வருடம் தாங்குமாம்.
கேட்டலாக்கில் மட்டும் கிறுக்கல்களை அடித்துவிட்டு
‘பால் கணக்கு, தமிழ், தீர்க்கப்படவில்லை’ என்று போட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

ஒன்பது லட்சத்து இருபதாயிரம்.
தொலைபேசியில் யாரோ ஒரு குரல்.
கமிஷன் தனி, ஜிஎஸ்டி தனி.
ஏழணாவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று
பில் போடும் கம்ப்யூட்டரில் தேடினேன், விளையாட்டுக்குத்தான்.

குமிழ்த்தாள் சுற்றிச் சுற்றி
இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது.
மார்க்கர் மூடியைப் பல்லில் கடித்தபடி
இம்தியாஸ் நிற்கிறான்:
“அக்கா, முன்பக்கம் எது?
அம்புக்குறி போடணும்.”