பல்வலி

பல்வலி என்றுதான் சொன்னாள் மிலெங்கா மன்சிலா.
போர்வெனிரில், இரவு பத்தாகியும் வெளிச்சம் போகாத டிசம்பரில்,
கம்பளி கத்தரிக்கும் கொட்டகையிலிருந்து
ஆட்டுக்கொழுப்பு மணக்கும் மேலங்கியோடு
தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.
அறுபது கிலோமீட்டர் சரளைச் சாலை.
ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை தாடையில்.

"இடப்பக்கம், கீழ்வரிசை. கிராம்பு வைத்தும் அடங்கவில்லை.
ஆறு மணிக்குத் தொடங்கியது.
இரண்டு தடவை வாந்தி. சூப்பில் ஏதோ."
சூப் வைத்தவளே அவள்தான்.
இருபத்தாறு பேர் குடித்தார்கள்.
இருபத்தாறு பேரும் இந்நேரம் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள்.

பல்வலிக்கு வியர்க்காது.
அதுவும் இந்தக் காற்றில்.
ஊசிக்கு நரம்பு தேடி முழங்கை மடிப்பைத் தொட்டேன்,
மீன் தொட்டது போலிருந்தது.

மார்பில் வலி உண்டா?
இல்லை.
மாரடைப்பு என்று பெயர் வைத்தவர்கள்
மாரைப் பிடித்துக்கொண்டு சாய்கிற ஆண்களை மட்டுமே
பார்த்திருக்க வேண்டும்.

ஈசிஜி தாள் வெளியே வந்தது.
மேலே போன கோடு தரைக்கு இறங்க வேண்டும்.
இறங்கவில்லை.
பனிமேடு தூக்கிப் பிடித்த வேலிக்கம்பியாய்
மூன்று கட்டம் உயரத்திலேயே போனது
அடுத்த துடிப்பு வரை.

ஆஸ்பிரின் கொடுத்தேன். விழுங்காதே, மென்று தின்.
"பல் வலிக்கிறது என்கிறேனே!"
வலப்பக்கம் மெல்.

ஜலசந்தியை மூடிவிட்டார்கள்.
காற்று நூறைத் தாண்டினால் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை.
அடைப்பைத் திறக்கும் மேசை அக்கரையில்,
புன்டா அரேனாஸில்.
அங்கிருந்த இதய மருத்துவர் தொலைபேசியில் கேட்கக் கேட்க
நான் அவளைக் கேட்டேன்.
மூளையில் ரத்தக்கசிவு? இல்லை. குடல்புண்? இல்லை.
சமீபத்தில் ஆபரேஷன்? இல்லை.
பிரஷர் மாத்திரை?
"போன வருஷம் நிறுத்திவிட்டேன். நன்றாகத்தானே இருந்தேன்."
சிகரெட்?
கூரையைப் பார்த்தாள். "கல்யாணத்திலிருந்து."
புருஷன் போய்ப் பதினோரு வருஷம். சிகரெட் போகவில்லை.
எடை?
நாலு கிலோ குறைத்துச் சொன்னாள்.
அதையும் சேர்த்துத்தான் மருந்தைக் கணக்கிட்டேன்.

அலமாரியில் இருந்தது ஒரே ஒரு குப்பி.
உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்து.
குலுக்கக்கூடாது, உள்ளங்கையில் உருட்டித்தான் கலக்க வேண்டும்.
உருட்டினேன். என் கை நடுங்கியதும்
அந்த உருட்டலில் சேர்ந்துகொண்டது.

செலுத்த ஐந்து விநாடி.
பிறகு காத்திருப்பதைத் தவிர வேலையில்லை.
தகரக்கூரை அடித்துக்கொண்டது.
கொட்டகையில் அடுப்பை அணைத்தேனா என்று
மூன்று முறை கேட்டாள்.

நாற்பதாவது நிமிடம்
திரையில் துடிப்பு கன்னாபின்னாவென்று ஓடியது.
ரத்தம் திரும்பும்போது இப்படி நடக்கும், படித்திருக்கிறேன்.
படித்தவன் கை
மின்னதிர்ச்சிக் கருவியை விட்டு நகரவில்லை.

பிறகு ஓடிக் களைத்தது போல் நிதானமானது.
புதிய தாளில் கோடு
பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.
"பல் நின்றுவிட்டது" என்றாள்.

விடிகாலையில் காற்று இளைத்ததும் விமானம் வந்தது.
அக்கரையில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள்.
ஆனால் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்
செத்த தசை செத்ததுதான்.
அந்த இடத்தில் தழும்பு வரும், சதை வராது.
இனி இதயம் மிச்சத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தும்.

மார்ச்சில் வந்தாள்.
தினமும் ஐந்து மாத்திரை. படகுத்துறை வரை நடை,
போகும்போது எதிர்க்காற்று, அதைத் திட்டிக்கொண்டே.
உப்பில்லாத சூப்பைப் பற்றிக் கொட்டகையில் புகார்.
மாவு டப்பாவுக்குள் ஒரு சிகரெட் பாக்கெட் இருக்கிறதாம்,
திறக்கவில்லையாம். நம்பினேன், முக்கால்வாசி.

பட்டையை அவள் கையிலிருந்து அவிழ்த்தபோது
என் தொப்பையைப் பார்த்தாள்,
சட்டைப்பையைப் பார்த்தாள்.
"ஓஸ்வால்தோ, கையை நீட்டு."

அவளே காற்றடித்தாள்.
முள் நின்ற இடத்தை இருவரும் பார்த்தோம்.
ராத்திரி வேலை, தூக்கமில்லை,
காபி வேறு, என்றேன்.

"ஆமாம் ஆமாம்" என்றாள்.
"பல்வலி."