ஒரு சுழி, ஒரு கீறல், இரு கீறல்

கணபதியில் தகரக் கூரை ஷெட்.
ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்து
கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறது.
இரண்டாம் ஷிப்ட்.

வரைபடத்தில் எட்டு, அதன் தலையில் ஒரு சுழி.
பதினேழு, ஒரு கீறல்.
ஐம்பது, இரண்டு கீறல்.
எண்ணுக்கெல்லாம் பேன் பிடிச்சிருக்கு என்றாள்
இன்ஸ்பெக்‌ஷன் ஜெசிந்தா.
நான் சிரிக்கவில்லை.
நான் தேய்த்த ஆர்பர் மூன்று திரும்பி வந்திருந்தன.

பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை.
ஷெட்டில் டிகிரி, மினிட், செகண்ட்.
இதே அளவில்தான் என் ஜாதகத்தில்
சனியை எழுதி வைத்தார்கள்.
அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

சைன் சென்டருக்கு அடியில்
சிலிப் கேஜை நெருக்கி ஒட்டினேன்:
இருபத்தெட்டு புள்ளி எட்டு ஆறு ஒன்று.
டயலை ஓட்டினால்
நூறு மில்லிமீட்டர் நடப்பதற்குள்
முள் பத்து மைக்ரான் விலகிவிட்டது.
இருபது செகண்ட் தப்பு.

"இருவது செகண்டுதான அம்மணி,
அதுக்குள்ள ஒரு டீ குடிக்க முடியுமா?"
சூப்பர்வைசர் நாச்சிமுத்து.
போன வாரம் கேட்டில் ஏழு நிமிஷத்துக்கு
என் அரைநாள் சம்பளத்தை அரிந்தவர்.

அவர் நிமிஷம் ஓடிவிடும்.
இது ஓடாது.
இரும்பில் தேய்த்துவிட்டால்
சங்கு ஊதிய பிறகும் அங்கேயே நிற்கும்.

மெஷினைச் சுற்றி வந்தேன்.
கூலன்ட் குழாய் முகம் திரும்பிக் கிடந்தது.
பெருத்த முனைக்கு மட்டும் தண்ணீர்,
சிறுத்த முனை கொதிக்கிறது.
கொதிக்கும்போது சரியாக இருந்தது
ஆறியதும் இளைத்துப் போகிறது.

முழுக்கச் சுட்டால் இரும்பு வளரும்,
நீளமும் விட்டமும் ஒன்றாக;
கோணம் அசையாது.
ஒரு பக்கமாகச் சுட்டால்தான் கோணும்.
இதை வேறெதற்காவது பொருத்திப் பார்க்க
எனக்கு அப்போது நேரமில்லை.

குழாயைத் திருப்பினேன்.
நாலாவது ஆர்பர். ஆறவிட்டேன்.
நீல மையை விரலால் மெல்லத் தடவி
கேஜுக்குள் நுழைத்து, ஒரு திருகு, வெளியே இழுத்தேன்.
அடி முதல் நுனி வரை ஒரே நீலம்.
ஜெசிந்தா டார்ச் அடித்துப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
தாளில் ஒரு கீறல் போட்டாள்.

கடைசி பஸ் போயிருந்தது,
நாலு நிமிஷத்துக்கு முன்னால்.
பக்கவாட்டில் அடிக்கிற காற்றுக்குச் சாய்ந்து
சத்தி ரோட்டில் நடந்தேன்.
எட்டு டிகிரி இருக்கும்.
கீறல்களை விட்டுவிட்டேன்.