வளைவு உட்பட

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கும்
ஆஸ்பத்திரி கேட்டுக்கும் நடுவில் ஒரு புல்சரிவு.
நான்தான் அதில் நடைபாதை போட்டேன்.
சிமெண்ட் கல், இரும்புக் கைப்பிடி,
இரண்டு இடத்தில் திரும்பி
மூச்சு வாங்காதபடி மெல்ல ஏறும்.
திறந்த அன்று எல்லோரும் அதில் நடந்தார்கள்.
அன்றைக்கு மட்டும்.

மறுவாரம் புல்லில் ஒரு கோடு.
அவசரத்தில் எடுத்த வகிடு மாதிரி.

கம்பி கட்டினோம்.
கம்பி குனிந்துகொடுத்தது. சேலை கிழியாதிருக்க
யாரோ அதில் கோணித்துண்டு சுற்றியிருந்தார்கள்.
ஹைட்ராஞ்சியா நட்டோம்.
வழிக்கு இரண்டு பக்கமும் பூத்தது,
கல்யாண வீட்டு வாசல்போல.
'புல்லை மிதிக்காதீர்' பலகைமேல்
கேரட் மூட்டையைச் சாய்த்துவிட்டு
பீடி பற்றவைத்தார் மார்க்கெட் பெள்ளி.

அபராதம் போட ஒருநாள்
விடியுமுன் போய் நின்றேன். மஞ்சு இறங்கியிருந்தது.
முதலில் வந்தது காட்டெருமை.
ரசீதுப் புத்தகத்தை மடித்து வைத்தேன்.
அவ்வளவு பெரிய உடம்பை
கோட்டின்மேலேயே வைத்து வைத்து இறங்கி
முட்டைக்கோஸ் குப்பை பக்கம் போனது.
பிறகு எஸ்டேட் பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள்.
பிறகு ஸ்வெட்டர் கையை மென்றபடி ஒரு பையன்.
பிறகு, ரத்தம் கொடுக்க வெறும்வயிற்றோடு
செபமாலை டீச்சர்.
"என்ன சார், நீங்களும் இந்த வழிதானா?"

அவர் நடந்தபோதுதான் பார்த்தேன்.
நேராக வரும் கோடு
நடுவில் ஓரிடத்தில் சும்மா விலகி
மறுபடி சேர்கிறது.
கல் இல்லை, குழி இல்லை.
"போன மார்கழியில் அங்கே நாய் குட்டி போட்டிருந்தது.
அஞ்சு குட்டி" என்றார், நிற்காமல்.

நாய் இப்போது இல்லை. குட்டிகளும் இல்லை.
சுமையோடு வந்தவர்களும்
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல்
ஒரு மாதம் சுற்றிப் போயிருக்கிறார்கள்.
அப்புறம் வந்தவர்களுக்கு அதுதான் வழி.
அந்தப் பையனும் விலகித்தான் ஓடினான்.
காட்டெருமை விலகியதா
என்று நான் கவனிக்கவில்லை.

இந்த வருஷ எஸ்டிமேட்டில்
அந்தக் கோணல் கோட்டைத்தான் வரைந்திருக்கிறேன்:
படி, பக்கத்தில் நீர்க்கால், ஒரு விளக்கு.
பழைய நடைபாதையில் பஜ்ஜி வண்டி நிற்கிறது.
நிற்கட்டும்.

இன்ஜினியர் அந்த இடத்தைப் பென்சிலால் சுழித்து
திருப்பி அனுப்பினார்:
வளைவு எதற்கு? காரணம் குறிப்பிடுக.

கட்டம் சின்னது.
மழைநீர் வடிய, என்று எழுதினேன்.
நீளம் நாற்பத்தொரு மீட்டர்,
வளைவு உட்பட.