மாவுக்கட்டு அறையிலிருந்து

யெசெனிட்சே ஆஸ்பத்திரியில்
எலும்புக்குக் கீழ்த்தளம்,
இதயத்துக்கு மூன்றாம் தளம்.
இடையில் பழுதான ஒரு லிஃப்ட்.

ஸ்த்ராவ்கோ மறுபடி வந்திருக்கிறார்.
எங்கள் பேச்சில் அந்தப் பெயருக்கு
நலமாயிருப்பவன் என்று பொருள்.
இந்த வருஷத்தில் மூன்றாவது மாவுக்கட்டு.
மலைச்சரிவில் சைக்கிள், ஈர வேர்,
அதற்கப்புறம் வானம்,
அதற்கப்புறம் நான்.

குப்புற விழுந்தவர் மீசையில்
மண் ஒட்டித்தான் இருந்தது.
ஒட்டவில்லை என்று அவர் சொல்லவுமில்லை.
"பைன் ஊசியும் இருக்கும், பாருங்கள்" என்றார்.

முப்பத்தோரு வருஷம் உருக்காலையில் நின்றவர்.
ஐம்பத்தாறில் நெஞ்சு அடைத்து
ஒன்பது நாள் மேலே படுத்திருந்தார்.
இறங்கி வந்ததும் சைக்கிள் வாங்கினார்.
உடைந்த கை ஒன்று நீங்கலாக
மற்றதெல்லாம் இப்போது முப்பது வயசு.

காலையில் டாக்டர் கவ்சிச் எழுதினார்:
இனி மலையில் சைக்கிள் கூடாது.
மதியம் டாக்டர் ஹ்ரிபார் எழுதினார்:
செய்துவருவதை விடாமல் செய்யவும்.
ஒரே தாள், ஒரே முத்திரை,
மைகூட ஒரே நீலம்.

இந்தப் பட்டிமன்றத்துக்கு நடுவராக
முழங்கை வரை மாவு வழிய நான்.

ஒட்டிப் பேச அவர் மனைவி இவாங்கா:
"ராத்திரி தூங்குகிறார்.
டிவியோடு சண்டை போடுவதில்லை.
போன ஞாயிறு எனக்கு முட்டை பொரித்துத் தந்தார்."
கொஞ்சம் நிறுத்தி,
வெட்டிப் பேசவும் அவளே:
"போன் அடித்தாலே வயிறு கலங்குகிறது.
அவருக்கு இறங்கிய ரத்த அழுத்தம்
எங்கே போனதென்று நினைக்கிறீர்கள்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மணிக்கட்டில் சுருக்கம் விழாமல் தடவினேன்.
மாவு சூடேறும்போது
எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள்.
அவரும் நிறுத்தினார்.
பிறகு மெதுவாக,
"ஏறும்போது நாற்பது நிமிஷம்
என் நெஞ்சுச் சத்தம் எனக்குக் கேட்கிறது.
ஆலையில் அது கேட்டதே இல்லை."

இறங்கும்போது?

"அப்போது ஒன்றுமே கேட்காது."
சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை.
அது ஏப்ரல் மாதக் கணக்கு.

தாளை மேலே சேர்க்க வேண்டும்.
லிஃப்டில் அதே பழைய அறிவிப்பு.
இந்த முக்காலியில் எனக்கு இருபத்திரண்டு வருஷம்.
ஓர் எலும்பு முறிந்ததில்லை.
ஒரு தையல், ஒரு சிராய்ப்பு இல்லை.
மூன்று தளம், அறுபத்தாறு படி.
நாற்பதில் கைப்பிடியைப் பற்றினேன்.
ஐம்பதில் ஜன்னலில் மலை தெரிந்தது;
அதைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

மேலே வராந்தாவில் டாக்டர் ஹ்ரிபார்
நீட்டிய தாளை வாங்கவில்லை.
என் முகத்தையே பார்த்தார்.
நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு,
"எத்தனை நாளாக?" என்றார்.