ஐம்பத்தைந்து ராடு

போனில் பேசிய அதிகாரி மீட்டரில்தான் சொன்னார்.
அடியாக்கிக்கொண்டது நான்.
ஆயிரத்து நூறு.
ராடு ஒன்றுக்கு இருபது அடி.
ஐம்பத்தைந்து ராடு ஆழத்தில்
கிடக்கிறான் என் தம்பி.

திருச்செங்கோட்டுக்காரனிடம் ஆழத்தைச் சொல்லக் கூடாது.
இருபத்திரண்டு வருடம் ரிக் வண்டியில்
ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று சுற்றிப்
பாறையின் வயிற்றைப் பார்த்தவன்.
முந்நூறில் என்ன நிறத்தில் புழுதி வரும்,
எண்ணூறு தாண்டினால்
தோட்டத்துக்காரர் முகம் எப்படிப் போகும்,
எல்லாம் தெரியும்.
ஆழம் என்றால் எங்களுக்குத்
தண்ணீர் இல்லாத இடம்.
அவனுக்கு, தண்ணீர் தவிர
எதுவுமே இல்லாத இடம்.

கடலைக் காணாத ஊரிலிருந்து கடற்படைக்குப் போனான்.
நீச்சல் பழகியது நாமக்கல் ரோட்டில்
எழுபதடிக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி.
மூச்சடக்கி முங்கி அடிமண் எடுத்து வருவான்.
மூடிய கையைத் திறந்து காட்டும்வரை
நாங்கள் நம்ப மாட்டோம்.

'காணவில்லை' என்றது முதல் கடிதம்.
'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்றது அடுத்தது.
கருதுறது யாருங்க, என்று கேட்டாள் பூங்கோதை.
தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்குச் சொல்லத் தெரியவில்லை.
பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றார்.

எழவுக்கு வந்தவர்கள்
எதைச் சுற்றி உட்காருவதென்று தெரியாமல் நின்றார்கள்.
வாங்கி வந்த மாலை கையிலேயே வாடியது.
பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி
எட்டு நாளும் கேரியரில் சோறு கொண்டுவந்தாள்.
'கழுவ வேண்டாம், அப்படியே குடுங்க.'
அவள் பேசியது அவ்வளவுதான்.

கூடுதுறைக்குப் போனோம். கரைக்க ஒன்றுமில்லை.
எள்ளும் தண்ணியும் போதுங்க என்றார் ஐயர்.
இந்தத் தண்ணி கடலுக்குத்தானே போகுது.
நடுவில் எத்தனை அணை என்று
எண்ணிக்கொண்டிருந்தேன் நான்.

ஒன்பதாம் நாள், ஈரோடு ஜங்ஷனில்
கைக்குழந்தையோடு இறங்கினாள் சஞ்சுக்தா, ஒடிசாவிலிருந்து.
அவள் வீட்டுக்காரன் பிரமோத்தும் எங்கள் வேலுவும்
ஒரே படுக்கைக்காரர்கள்.
கப்பலுக்குள் இடம் குறைவு.
இவன் வேலைக்கு எழுந்தால் அவன் வந்து படுப்பான்,
அவன் எழுந்தால் இவன்.
படுக்கை ஆறவே ஆறாதுண்ணா என்று
லீவில் வந்தபோது சொல்லிச் சிரித்தான்.

அவளுக்குத் தமிழ் இல்லை, இவளுக்கு ஒடியா இல்லை.
தன் புருஷன் பெயர் சொல்ல
இருவருக்கும் வாய் வரவில்லை.
வேலு, என்றாள் அவள்.
பிரமோத், என்றாள் இவள்.
அடுத்தவள் புருஷன் பெயரைச் சொல்லித்தான்
முதன்முதலில் வாய்விட்டு அழுதார்கள்.

கருமாதி முடிந்து வண்டியெடுத்தேன்.
வையப்பமலைப் பக்கம் ஒரு தோட்டம். வெறும் புழுதி.
ஐம்பத்தைந்தாவது ராடு இறங்கியதும்
கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னேன்.
பையன்கள் ஏனென்று கேட்கவில்லை.
ராடுக்கும் கேசிங்குக்கும் நடுவில்
காதை வைத்தேன்.

தண்ணிச் சத்தங் கேக்குதுங்களா, என்றார் தோட்டத்துக்காரர்.
இல்லீங்க.
எழுந்திருக்கவில்லை நான்.
அவருக்கு யார் சொன்னார்களோ,
தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்
கையில் வைத்துக்கொண்டார்.
'போதுங்க. நிறுத்திக்கலாம்.'
தண்ணீர் வராத குழிக்கு
முழு அடிக்கும் பணம் எண்ணிக் கொடுத்தார்.

வீடு வந்து சேர நடுச்சாமம்.
கட்டிலில் சஞ்சுக்தா தூங்கிக்கொண்டிருந்தாள்.
குழந்தையைத் தோளில் போட்டு
நடையில் நடந்துகொண்டிருந்தாள் பூங்கோதை.
இரண்டு மணிக்கு, யாரும் எழுப்பாமல்,
எழுந்து வந்து கை நீட்டினாள் அவள்.
குழந்தை கைமாறியது.
பூங்கோதை போய்
அந்தச் சூட்டிலேயே படுத்தாள்.