அரைப் பேன்

நவம்பர் இருபத்தொன்றோடு
சூரியன் கணக்கை முடித்துக்கொண்டது.
காலை எட்டேகால், மூன்றாம் மாடி.
வாசலில் பதினோரு ஜோடி பூட்ஸ்
பனி உருகி ஒரே குட்டையில் நிற்கின்றன.
மெய்யியலும் அறவியலும்:
யாரும் விரும்பி எடுத்ததில்லை,
யாரும் தப்பவும் முடியாது.
பல் மருத்துவம், சட்டம், மீன்வளம்,
எதைப் படிக்க வந்தாலும்
முதலில் இங்கே காலணியைக் கழற்றத்தான் வேண்டும்.

போர்கில்ட் பலகையில் தண்டவாளம் வரைகிறாள்.
இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஒருவர்,
நடுவில் ஒரு பிடி, பிடியருகே நீ.
ரயிலே வராத ஊர் ட்ரொம்சோ.
தண்டவாளத்தை முதன்முதலில் பார்ப்பதே
இந்தப் பலகையில்தான் என்றாள் எல்லே.
பேருந்து என்று வைத்துக்கொள்.
பேருந்து என்றால் ஓட்டுநர் எங்கே போனார் என்று
சட்டக்காரி ரன்வெய்க் பிடித்துக்கொண்டாள்.
அரைமணி நேரம் ஓட்டுநரிலேயே போயிற்று.

எய்லெர்ட் பென்சிலைக் கடித்தபடி கேட்டான்:
"இழுக்கவும் இல்லை, சும்மா நிற்கவும் இல்லை.
அந்த ஐந்து பேர் அங்கே இல்லவே இல்லை என்று
எழுதிவைத்துவிட்டால்?"
எல்லோரும் சிரித்தார்கள்.
போர்கில்ட் அதைப் பலகை ஓரத்தில் குறித்து
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
நானும் சிரித்தேன். எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் அவன் சால்மன் பண்ணைக்குப் போகிறவன்.
மிதக்கும் வளையத்தின் விளிம்பில் நின்று
இருபது மீனை அள்ளி
மயக்கத் தொட்டியில் போட்டு
ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பேன் பார்ப்பான்.
ஆமாம், பேன்தான். கடலிலும் உண்டு.
மீன் ஒன்றுக்கு அரைப் பேன்வரை அனுமதி.
அரைப் பேன் எப்படி இருக்கும்
என்று ஒருமுறை கேட்டேன்.
"எக்செல்லில் மட்டும் இருக்கும்" என்றான்.

முந்தைய சனிக்கிழமை பதினான்கு.
பத்தைத் தாண்டினால்
மருந்து, படகு, அபராதம்,
மேற்பார்வையாளர் ஸ்தேய்னாரின் முகம்.
அவர் காப்பிக் குவளையை நீட்டி
பேனைப் பெருமாள் ஆக்காதே என்கிற பாவனையில்
தோளைத் தட்டிவிட்டுப் போனார்.
ஒன்பது என்று எழுதினான்.
அன்றிரவு எங்கள் சமையலறையில்
பழுப்புப் பாலாடைக்கட்டியைச்
சீவிச் சீவி அடுக்கினானே தவிர
ஒரு துண்டும் தின்னவில்லை.
யாரிடமும் சொல்லாதே என்று அவன் கேட்கவில்லை.
ஆகவே நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை
என்பதைப் பிற்பாடு
வெகு வசதியாக நினைவு வைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் கட்டுரை.
தலைப்பு நானே தேர்ந்தது: மௌனம் பொய்யாகுமா?
இரண்டாயிரம் சொற்கள்.
அதில் 'க' என்றொருவர் வருகிறார்,
கடலோரத் தொழிலாளி, எண்களோடு புழங்குபவர்.
'க'வின் நண்பர் ஒருவரும் வருகிறார்.
அவரை நான் அதிகம் ஆராயவில்லை.
'பி' கிடைத்தது.
உதாரணம் உயிரோட்டமாக இருக்கிறது
என்று ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி.

எய்லெர்ட் தேறவில்லை.
அறவியல் வினாவுக்கு மூன்று வரி எழுதி
நான்காவதை அடித்துவிட்டு எழுந்து போனானாம்.
பண்ணைக்கு அவன் கடிதம் போட்டது
அதற்கு முன்பா, பின்பா, கேட்டுக்கொள்ளவில்லை.
சனிக்கிழமைகளில் இப்போது
மதியம்வரை தூங்குகிறான்.

ஜனவரி இருபத்தொன்று.
மலை இடுக்கில் வெளிச்சம், ஒரு நகக்கீறல்.
ஊரே ஜாம் வைத்த பன்னைக் கையில் பிடித்துக்கொண்டு
தெற்கே பார்த்து நிற்கிறது.
"நாலரை நிமிடம்" என்றான் எய்லெர்ட்.
பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து
"இல்லை, நாலுதான்" என்று திருத்திக்கொண்டான்.
உதட்டோரம் ஜாம்.
மே மாதம் மறுதேர்வு,
உன் குறிப்புகளைக் கொடு என்றான்.

மாலையில் அடுக்கிக் கொடுத்தேன்:
தண்டவாளம், கடமை, விளைவு,
காணாமல்போன ஓட்டுநர்கூட.
கட்டுரையை மட்டும் உருவிக்கொண்டேன்.
முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் பிறகு
முப்பத்தேழு வருகிறது.

அவன் எண்ணாமல் விடமாட்டான்.