கயிற்றைத் தடவிப் பார்ப்பது

பதினான்கு மாடி ஏறி
லிஃப்ட் கூரைமேல் மண்டியிட்டு
இரும்புக் கயிற்றைத் துணியால் சுற்றித் தடவுவேன்.
எங்காவது இழை அறுந்திருந்தால் துணியை இழுக்கும்.
ஒன்றிரண்டு என்றால் குறித்துக்கொள்வோம்,
கூடிப்போனால் கயிற்றையே மாற்றுவோம்.
எந்தக் கயிறும் ஒரே நாளில் அறுவதில்லை என்று
புது ஹெல்பர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

வில்சன் கார்டனில் அந்த அறையின் மின்விசிறிக்கு
ஓர் இறக்கை வளைந்திருந்தது.
சுமங்கலா மேடம் கன்னடத்தில் கேட்டார்:
"இதைப் பற்றி அவனிடம் முதலில் எப்போது பேசினீர்கள்?"
எதைப் பற்றி, என்றேன்.
அவர் எழுதிக்கொண்டார்.

சஞ்சித்துக்குப் பதினைந்து வயது.
மல்டிமீட்டர் பிடிக்கச் சொல்லித் தந்தேன்,
சில்க் போர்டு நெரிசலில் சாலை கடக்கச் சொல்லித் தந்தேன்.
மற்றதெல்லாம் தானாக வரும் என்றிருந்தேன்.
வந்தது.
என் பழைய போனில், போர்வைக்குள், பதினோரு வயதில்,
யாரிடமும் சந்தேகம் கேட்க முடியாத பாடமாக.

ஆண்டுவிழாப் படத்திலிருந்து
பக்கத்து வகுப்புப் பெண்ணின் முகத்தை வெட்டி
வேறோர் உடம்பில் ஒட்டினான்.
குழுவில் அவனைத் தவிர நாற்பத்தொரு பேர்.
முப்பத்தெட்டுச் சிரிப்புப் பொம்மைகள்.
இருவர் எதுவும் போடவில்லை.
ரிஹான் என்ற ஒருவன் மட்டும்
"டேய், அழி" என்று எழுதியிருந்தான்.
அந்த இரண்டு சொல்லை அவனுக்கு
யார் சொல்லித் தந்திருப்பார்கள்?
லிஃப்டுக்குள் தனியாகப் போகும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

அவள் பெயரை எழுத மாட்டேன்.
டெம்போ ஓட்டும் அவள் அப்பாவை
ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன்.
அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை.
"வீட்டுல கண்ணாடியத் துணி போட்டு மூடிட்டா சார்"
என்று மட்டும் சொன்னார்.
சார் என்றார் என்னை.

அக்கா போனில் சொன்னாள்:
ஆம்பளப் பையன், வயசு அப்படி, விடு.
வல்லி சொன்னாள்:
என் வயித்துல ஒரு பேய் பொறந்திருக்கு.
இரண்டு பேச்சுக்கும் நடுவே பல ராத்திரி ஏறி இறங்கினேன்.
பேய் என்றால் எனக்கு வேலை இல்லை.
வயசு என்றாலும் எனக்கு வேலை இல்லை.

பிறகு அந்த மதியம் ஞாபகம் வந்தது.
மெஷின் ரூமில் டிபன் கேரியரோடு சஞ்சித்.
ஆறாம் மாடிப் பெண்ணைப் பற்றி மாதேஷ் ஏதோ சொன்னான்.
நான் சிரித்தேன்.
சிரிக்கலாமா என்று பையன் என் முகத்தைப் பார்த்தான்,
பிறகு சிரித்தான்.
துணி இழுத்திருக்கிறது.
நான் குறித்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமைதோறும் போகிறோம்.
நாலு வாரம் "சும்மா வெளையாட்டுக்கு" என்றே சொன்னான்.
ஐந்தாம் வாரம், காலணி நுனியைப் பார்த்தபடி:
"அவளும் அதப் பாப்பான்னு எனக்குத் தோணவே இல்ல."
மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.
தண்டனையைப் பற்றி அவர் அன்றைக்கு எதுவும் பேசவில்லை.
"அந்த எடத்துலருந்து தொடங்கலாம்" என்றார்,
தனக்குத் தெரிந்த தமிழில்.
அவன் அழுதான். அது யாருக்காக என்று
நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

நேற்று டெய்ரி சர்க்கிள் பக்கம் பஸ்ஸில்
சின்னவன் மித்ரன், ஒன்பது வயது,
"அண்ணன் என்னப்பா பண்ணான்?" என்றான்.
ஜன்னலைப் பார்த்தேன். சிக்னல் விழவில்லை.
ஆரம்பித்தேன்.
ஒருத்தர் உடம்பு, ஒருத்தர் படம், ஒருத்தர் "வேணாம்",
மூன்று நிறுத்தம் பேசினேன்.
பாதியைத் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன்,
முன்சீட்டு அம்மா வேறு திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இறங்கும்போது அவன் கேட்டான்:
"அந்த அக்கா இப்ப ஸ்கூலுக்கு வர்றாங்களா?"

தெரியாதுடா, என்றேன்.